பெண்ணையாற்றங்கரையில் ஒரு பாதிரியார்

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இந்தக் கட்டுரையில் அவர் 'வாத்தியார்' என்றே வருவார். அவரிடம் படித்தவர்கள் யாராவது கண்டுபிடித்துவிட்டால் அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல.

வாத்தியாருக்கு ஒரு பழக்கம். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் மூன்று நாள் கல்வராயன் மலைக்குப் போய்விடுவார். அங்கே பழைய மாணவன் ஒருவன் வீட்டில் ஜாகை. விடியற்காலையில் எழுந்து, ஊருக்கு வெளியே ஒரு பாறையில் போய் உட்கார்ந்தால், வெயில் சுடுகிற வரையில் அசைய மாட்டார். சாயங்காலமும் அப்படியே. வேதப் புத்தகத்தைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு போவதில்லை. இது அவருடைய சொந்தக்காரர்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவருடைய மைத்துனர் என் எதிரிலேயே ஒரு நாள் கேட்டுவிட்டார்: "கோயில் இதோ தெருக்கோடியிலேயே இருக்குது மச்சான். அங்கே மலைமேல போய் யாரைத் தேடுறீங்க?"

வாத்தியார் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. மைத்துனர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு தவந்தான்.

எனக்குப் பதில் வேண்டியிருந்தது. சென்ற தபசு காலத்தில் நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, பஸ் மலைப்பாதையில் ஏறியது. வளைவுக்கு வளைவு காற்று மாறிற்று. வெள்ளிமலைப் பக்கம் இறங்கியபோது கீழே விட்டு வந்த வெயில் வேறு யாருடையதோ போல் இருந்தது. சுற்றிலும் மரவள்ளிக் கொல்லைகள். அதற்கு மேலே காடு. காட்டில் கடுக்காய் மரங்கள்.

மறுநாள் காலையில் பாறைக்குப் போனோம். அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்; நான் ஒரு பக்கம். கதை எழுதுகிறவனுக்குக் கையில் நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் உள்ளங்கை அரிக்கும். பனி விலகியது, எங்கோ ஒரு வீட்டின் கூரை புகைந்தது, ஒரு குருவி இரண்டு தரம் கூவி மூன்றாவது தரம் கூவாமல் ஏமாற்றியது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போனேன். வெயில் ஏறியதும் வாத்தியார் கண்ணைத் திறந்தார்.

"எத்தனை பக்கம் ஆச்சு தம்பி?"

"பதினொன்று ஸார்."

"பெரிய மூட்டையாத்தான் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். பிறகு, நான் வருத்தப்பட்டுவிடுவேனோ என்று பயந்தவர் போல, "உங்களைச் சொல்லலை. இதே வார்த்தையை ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரைப் பார்த்தும் சொல்லியிருக்காங்க" என்றார்.

அந்தப் பாதிரியாரின் கதைதான் இந்தக் கட்டுரை. அதில் முக்கியமான ஓர் அத்தியாயம் இந்த மலைக்குக் கீழே, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் திருக்கோவலூரில் நடந்தது. நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அவர் பெயர் ஆன்றி லெ ஸோ. 1910-ஆம் வருஷம் பிரான்ஸின் மேற்கே பிரித்தானி கடற்கரையில், ஸேன் பிரியாக் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1929-ல், பத்தொன்பது வயதில், பெனடிக்ட் சபையைச் சேர்ந்த கெர்கோனான் மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். 1935-ல் குருப்பட்டம் பெற்றார். மடத்துக்குள்ளேயே இருந்து, மடத்துக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை. ஆனால் அவர் மனசில் இந்தியா என்ற ஒரே எண்ணம் புகுந்துகொண்டு பல வருஷங்கள் தூங்கவிடாமல் செய்தது. யுத்தம் முடிந்தது. 1947-ல் திருச்சிராப்பள்ளி பிஷப்புக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் குளித்தலையில் இருந்த இன்னொரு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஜூல் மோன்ஷானின் பாதிரியார். 1948 ஆகஸ்டில் லெ ஸோ நம் மண்ணில் காலை வைத்தார். அதன் பிறகு இருபத்தைந்து வருஷம் உயிரோடு இருந்தார்; ஒரு தடவைகூடப் பிரான்ஸுக்குத் திரும்பிப் போகவில்லை.

கிறிஸ்தவத் துறவி தனிமையை நாடுவதில் புதுமை ஒன்றுமில்லை. ஓரேபு மலைக் குகையில் ஒளிந்திருந்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் பெருங்காற்று வந்தது, பூகம்பம் வந்தது, நெருப்பு வந்தது. அவை எதிலும் கடவுள் இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு வந்த ஒரு மெல்லிய ஓசையைக் கேட்டுத்தான் எலியா முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தார். இயேசுநாதரும் ஊழியத்தைத் தொடங்குமுன் நாற்பது நாள் வனாந்தரத்தில் இருந்தார். ஜனங்கள் நெருக்கியபோதெல்லாம் தனியே மலைக்குப் போய்விட்டார். பிறகு எகிப்துப் பாலைவனத்தில் அந்தோணியார். அதற்கும் பிறகு இத்தாலியில் ஸூபியாகோ என்ற இடத்தில் ஒரு மலைக்குகையில் மூன்று வருஷம் தன்னந்தனியே இருந்த ஒரு வாலிபர். அந்த வாலிபர்தான் பெனடிக்ட். லெ ஸோ சேர்ந்த சபையின் தலைமுதல்வர். குகையில் தொடங்கிய சபை காலப்போக்கில் மாளிகை மடங்களில் வாழ்ந்தது. லெ ஸோ மறுபடியும் குகையைத் தேடிக்கொண்டு வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் அவருக்கு முன்னோடிகள் உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார். தமிழும் ஸம்ஸ்கிருதமும் கற்றார். நூறு வருஷத்துக்குப் பிறகு வந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர், தமிழில் காவியமே பாடினார். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோயில் இன்றும் இருக்கிறது. 1921-ல் ஜேசுதாசன் என்ற தமிழரும் பாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரருமாக இரண்டு டாக்டர்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பித்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். நொபிலியும் பெஸ்கியும் கொடுப்பதற்காக வந்தவர்கள். நம் உடையையும் மொழியையும் அவர்கள் எடுத்துக்கொண்டது கொடுக்க வசதியாக. லெ ஸோவும் அப்படித்தான் வந்தார். வந்த இடத்தில் வாங்க நேர்ந்துவிட்டது. அவருடைய சங்கடம் அங்கேதான் ஆரம்பம்.

1949 ஜனவரியில் மோன்ஷானின் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்துக்கொண்டு போனார். ரமண மகரிஷி அப்போது இருந்தார். லெ ஸோ ஏதேதோ படித்து, எத்தனையோ எதிர்பார்த்து வந்திருந்தார். உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஏமாற்றந்தான் மிச்சம். போதாக்குறைக்குக் காய்ச்சல் வேறு. அப்போது ஆசிரமத்தில் இருந்த ஓர் ஆங்கில மாது அவரிடம் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: நீங்கள் ரொம்ப மூட்டை முடிச்சோடு வந்திருக்கிறீர்கள், தெரிந்துகொள்ள வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் நிரம்பியிருக்கிறது, காலியாக இருந்து பாருங்கள் என்ற பொருளில். வாத்தியார் பாறையில் எனக்குச் சொன்ன மூட்டை அதுதான்.

காய்ச்சலோடு ஊர் திரும்பினாலும், பார்த்தது மறக்கவில்லை. 1950 மார்ச் 21-ல், பெனடிக்டின் திருநாளன்று, குளித்தலைக்கு அருகில் தண்ணீர்ப்பள்ளியில், காவேரிக்கரை மாந்தோப்பில் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி, கீற்றுக் குடிசை, சைவச் சாப்பாடு. லெ ஸோ தமக்கு வைத்துக்கொண்ட பெயர் சுருங்கி அபிஷிக்தானந்தர் என்று ஆயிற்று. 'கிறிஸ்து' என்ற சொல்லுக்கே அபிஷேகம் செய்யப்பட்டவர் என்றுதான் அர்த்தம். ஆகவே அது கிறிஸ்துவில் ஆனந்தம் காண்கிறவர் என்று பொருள்படும் பெயர். மூன்றே வாரங்களில், ஏப்ரல் 14-ல், மகரிஷி மறைந்தார். ஆனால் மலை மறையவில்லையே! 1952-லிருந்து அபிஷிக்தானந்தர் அடிக்கடி அருணாசலத்துக்குப் போய், குகைகளில் நாட்கணக்கில், வாரக்கணக்கில் மௌனமாக இருந்தார். மகரிஷியிடம் கேட்காததை அவர் மலையிடம் கேட்டார் என்று சொல்ல வேண்டும்.

1955 டிசம்பரில் திருக்கோவலூர்ப் பக்கம் ஞானானந்தகிரி சுவாமிகள் என்ற பெரியவர் இருப்பதைக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். பெண்ணையாற்றுப் பக்கம், திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது அந்தத் தபோவனம். குள்ளமான உருவம், காவி வேஷ்டி, குழந்தைச் சிரிப்பு. அவருக்கு நூறு வயசுக்கும் மேலே என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள். வயசைக் கேட்டால் சுவாமிகள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாராம். கேள்விகளோடுதான் பாதிரியார் போனார். துவைதமா, அத்வைதமா? பெரியவர் வாதத்துக்கே போகவில்லை. கேள்விக்கு விடை வெளியே இல்லை, தியானத்தில் உட்கார்ந்து பார் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இதைக் கேட்டதும் பெரிய விஷயமாக நமக்குத் தோன்றாது. எந்தச் சாமியாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். ஆனால் கேட்டவர் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்து ஒருவரே குரு என்று சத்தியம் செய்து கொடுத்த கத்தோலிக்கப் பாதிரியார். அவர் ஓர் இந்து சந்நியாசியின் எதிரில் உட்கார்ந்த நிமிஷத்தில், குரு என்ற வார்த்தைக்கு இன்றுதான் அர்த்தம் புரிந்தது என்று உணர்ந்தார். 1956 தொடக்கத்தில் மறுபடியும் வந்து சில வாரங்கள் தபோவனத்திலேயே தங்கினார். பின்னால் அதைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு புத்தகமே எழுதினார்.

நான் திருக்கோவலூருக்குப் பல தடவை போயிருக்கிறேன். இது வேறெந்த ஊரிலும் நடந்திருக்க முடியாது என்று எனக்கு ஓர் எண்ணம். பாரி இறந்த பிறகு, அவன் பெண்களுக்கு ஒரு வழி செய்துவிட்டுக் கபிலர் உயிர் துறந்த இடம் இது. ஆற்றின் நடுவே கபிலர் குன்று என்று ஒரு பாறையை இன்றும் காட்டுகிறார்கள். வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் கபிலரின் முடிவைச் சொல்கிறது. நண்பனை இழந்த ஒரு கவிஞர் பேச்சை நிறுத்திக்கொண்ட ஆறு அது.

இன்னொரு கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஓர் இரவில் கொட்டுகிற மழை. ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். இருவர் உட்காரலாம். பேயாழ்வார் வந்தார். மூவர் நிற்கலாம். இருட்டில் மூன்று பேரும் நெருங்கி நின்றபோது நான்காவதாக யாரோ வந்து நெருக்குவதை உணர்ந்தார்கள். வந்தவர் யார் என்பதைத்தான் மூவரும் பாடினார்கள்.

அந்த ஊரில் 1956-ல் ஒரு பாதிரியார் வந்து ஒதுங்கினார். இடமிருக்கிறதா என்று அவர் இந்துக்களைக் கேட்கவில்லை; அவர்கள் கொடுத்துவிட்டார்கள். தம்முடைய கோயிலில் தமக்கு இனி இடம் இருக்குமா என்பதுதான் அவரை வாட்டியது. அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு அவர் இறந்த பிறகு, 1986-ல்தான் அச்சாயிற்று. ஆனந்தமும் பீதியும் அதில் மாறி மாறி வருகின்றன. குகையில் கண்டது உண்மையானால், கோயிலில் பூசை செய்கிற இந்தக் கை என்ன செய்கிறது? பூசை உண்மையானால், குகையில் இருந்தது மயக்கமா? ஒன்றை விட்டுவிட்டால் நிம்மதி. விட முடியவில்லை.

நெருங்கிய நண்பரான மோன்ஷானினே இதில் அவருடன் உடன்படவில்லை. மோன்ஷானின் பெரிய படிப்பாளி. அத்வைதத்துக்கும் திரியேக தேவனுக்கும் நடுவே எளிதில் பாலம் போட்டுவிட முடியாது என்பது அவர் கட்சி. ஒரே மாந்தோப்பில் இரண்டு துறவிகள், இரண்டு மனஸ்தாபங்கள். 1956 கடைசியில் அபிஷிக்தானந்தர் கும்பகோணத்தில் 'மௌன மந்திர்' என்ற இடத்தில் 32 நாள் அடைபட்டுக் கிடந்தார். சாப்பாடு மட்டும் உள்ளே வரும். மனித முகம் கிடையாது. அடுத்த வருஷம் மோன்ஷானின் வியாதிப்பட்டு, சிகிச்சைக்குப் பாரிஸுக்குப் போய், 1957 அக்டோபர் 10-ல் இறந்துபோனார். தர்க்கம் முடியவில்லை; தர்க்கம் செய்ய ஆள் போய்விட்டார்.

மேலும் எட்டு வருஷம் கழித்து, 1965-ல், வத்திக்கான் மகாசபை மற்ற மதங்களில் உள்ள உண்மையையும் பரிசுத்தத்தையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று பிரகடனம் செய்தது. 1956-ல் திருக்கோவலூரில் உட்கார்ந்திருந்தவருக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று யார் சொல்லியிருக்க முடியும்? 1968-ல் சாந்திவனத்தைப் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலத் துறவியிடம் ஒப்படைத்துவிட்டு இமயமலைக்குப் போனார். உத்தரகாசியில் ஒரு சின்னக் குடிலில் இருந்தார். 1973 ஜூலையில் ரிஷிகேசத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர், மாரடைப்பு வந்து தெருவில் விழுந்தார். விழுந்து கிடந்த அந்த நேரத்தில்தான் இத்தனை காலமாகத் தேடியது கிடைத்தது என்று நண்பர்களுக்கு எழுதினார். குகையில் கிடைக்காதது பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது! அந்த டிசம்பர் 7-ல் இந்தூரில் காலமானார். பாதிரியாராகவே இறந்தார். அடுத்த மாதமே, 1974 ஜனவரியில், ஞானானந்தகிரி சுவாமிகளும் சமாதியடைந்தார்.

இவ்வளவையும் வாத்தியாரும் நானும் அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். எனக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"ஸார், 1956-ல் அவர் கீழே ஆற்றங்கரையில் உள்ளுக்குள்ளே விடுதலை தேடிக்கொண்டிருந்தார். சரி. அப்போது இந்த மலை யாருடையது?"

வாத்தியாருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. கல்வராயன் மலை தலைமுறை தலைமுறையாகச் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த மானியம் என்று சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் தாங்கள் என்று கதை சொல்கிற மலையாளிக் குடிகள், சாமை விதைத்து, கடுக்காய் பொறுக்கி, ஜாகிருக்கு வரி கொடுத்து வாழ்ந்தார்கள். தேசம் 1947-ல் சுதந்திரம் அடைந்தது. இந்த மலையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டதோ 1976-ல்! நடுவில் இருபத்தொன்பது வருஷம். அந்த இருபத்தொன்பது வருஷத்துக்குள் அபிஷிக்தானந்தரின் இந்திய வாழ்க்கை முழுவதும் அடங்கிவிட்டது.

"மௌனத்தில் உட்கார்ந்தவர்கள் காதில் இது விழுந்ததா?" என்றேன். கொஞ்சம் காரமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

வாத்தியார் வெகு நேரம் பேசவில்லை. வீட்டுக்கார அம்மாள் திண்ணை விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அவருக்கு விழுந்துதான்னு எனக்குத் தெரியாது தம்பி. நான் என்னைப் பத்திச் சொல்றேன். 2024 ஜூன்ல விஷச் சாராயம் குடிச்சு கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, ஞாபகம் இருக்குதா? கருணாபுரத்துல என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க வீடு இருக்குது. போனேன். ஒரு வாசலுக்கு நாலு வாசல் பந்தல். வர்றவங்க எல்லாம் பேசுறாங்க. அரசாங்கத்தைத் திட்டுறாங்க, குடிச்சவனைத் திட்டுறாங்க, தேவ சித்தம்ங்கிறாங்க. நானும் வாத்தியார்தானே? நாப்பது வருஷமா வாயாலே பிழைச்சவன். சொல்றதுக்கு நிறைய இருந்துச்சு. ஒரு வீட்டுல அந்தப் பொண்ணு சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. பக்கத்துல போய் உக்காந்தேன். ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தேன். மத்தியானம் வரைக்கும்."

"அப்புறம்?"

"எழுந்து வர்றப்போ, 'நாளைக்கும் வாங்கையா'ன்னா. போனேன். மூணு நாள் போனேன். வாயை மூடிக்கிட்டு ஒரு இடத்துல இருக்கிறதுக்கு இந்தப் பாறையிலதான் பழகினேன். வேற எதுக்குப் பிரயோஜனம்னு எனக்குத் தெரியாது."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஜாகிர் விஷயத்துக்கு இது பதிலாகுமா? ஆகாது. மௌனம் பட்டா வாங்கிக் கொடுக்காது, ரோடு போடாது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே கல்வராயன் மலை ஜனங்களின் நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டதே, அப்படிப்பட்ட வேலைக்குப் பேச்சு வேண்டும், மனு வேண்டும், சத்தம் வேண்டும். வாத்தியாரும் இதை மறுக்கமாட்டார். அந்தப் பெண்ணின் மனுவையும் அவர்தான் எழுதிக் கொடுத்தார் என்று பிற்பாடு மாணவன் மூலமாகத் தெரிந்துகொண்டேன். வாத்தியார் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நோட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பாறைக்குப் போனேன். முதலில் கால் மரத்துப்போயிற்று. பிறகு, பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய தொடர்கதை ஞாபகம் வந்தது. வீட்டில் வாங்கிவரச் சொன்ன தேன் ஞாபகம் வந்தது. முந்தின நாள் கூவிய குருவி இன்று கூவுமா என்று காத்திருந்தேன். அதுவும் மூட்டைதான் என்று தோன்றிற்று. கீழே மரவள்ளிக் கொல்லையில் யாரோ கொத்திக்கொண்டிருந்தார்கள். கொத்துகிற ஓசை, நின்று, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் ஓசை. அந்த நிற்கிற நேரத்தில் மண்ணைக் கிளறிக் கிழங்கு எடுக்கிறார்கள் என்று புரிய எனக்கு நெடுநேரம் ஆயிற்று. புரிந்த பிறகு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் தோளைத் தொட்டபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

ஊருக்கு வந்து இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். முதல் நாள் எழுதிய பதினொரு பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதிலிருந்து ஒரு வரிகூட இதற்குப் பயன்படவில்லை.